முன்பக்கம் இரண்டு சீட்

பிப்ரவரி 3, திங்கள்

டைரி எழுதுகிற வியாதி எனக்குக் கிடையாது. காலையில் என்ன தின்றேன், மத்தியானம் எங்கே போனேன் என்று தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். இதை எழுதுவது வேறு காரணத்துக்காக. கோயமுத்தூரிலிருந்து டொரண்டோவுக்கு இரண்டு பேர், விமானத்தின் முன்பக்கத்தில், பிசினஸ் கிளாஸில், காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பின்பக்க டிக்கெட்டின் விலைகூடக் கொடுக்காமல் போவது எப்படி என்று இந்தத் தெய்வசிகாமணி செய்து காட்டப் போகிறான். முடிந்ததும் இதிலிருந்து தொகுத்து வாட்ஸப் குழுவில் போடுவேன். படித்துத் திருந்தட்டும். திருந்த மாட்டார்கள்.

நேற்று கோகிலவாணி பேசினாள். எங்கள் ஒரே பெண். கல்யாணமாகி மூன்று வருஷமாக டொரண்டோவில் இருக்கிறாள். மாப்பிள்ளை தரணிதரன், நான் தேடி, நான் விசாரித்து, நான் முடித்த சம்பந்தம்.

"அம்மாவக் கொஞ்ச நாளைக்கு அனுப்பி வெக்கறீங்களாப்பா? சீக்கிரமா வந்தா நல்லாருக்கும்" என்றாள்.

என்ன விசேஷம் என்று கேட்டேன். "விசேஷமெல்லாம் இல்லப்பா. சும்மாதான்" என்றாள். சும்மா என்றால் அவசரமில்லை என்று அர்த்தம். போன வருஷம் எடுத்த விசா இரண்டு பேருக்கும் இருக்கிறது. இரண்டு பேருமே போவோம், முன்பக்கத்தில் போவோம் என்று சொல்லிவிட்டேன். என் சம்சாரம் சாரதாமணி பக்கத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கிரெடிட் கார்டில் செலவு செய்தால் பாயிண்ட் சேரும். பாயிண்ட்டை விமானக் கம்பெனியின் மைலாக மாற்றலாம். மைலைக் கொடுத்து சீட் எடுக்கலாம். முன்பக்கத்தில் விற்காமல் கிடக்கும் ஒன்றிரண்டு சீட்டைக் கம்பெனிக்காரன் குறைந்த மைலுக்குத் திறந்துவிடுவான். எப்போது திறப்பான் என்று சொல்ல மாட்டான். காத்திருக்கத் தெரிந்தவனுக்கு அது கிடைக்கும். மற்றவர்கள் லட்சக்கணக்கில் கொட்டி அதே சீட்டை வாங்குவார்கள், இல்லாவிட்டால் பின்னால் போய் மூட்டையோடு மூட்டையாக அடைந்துகொள்வார்கள். முதல் வகைக்குப் புத்தி இல்லை, இரண்டாம் வகைக்கு மானம் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

போர் மோட்டார் ரிப்பேர். ஆள் வந்தான், பார்த்தான், நாளைக்கு வருகிறேன் என்று போனான்.

குழுவின் பெயர் 'முன்வரிசை'. நான்தான் ஆரம்பித்தேன். அதில் டாக்டர் சென்னியப்பன் என்று ஒருவர் இருக்கிறார், பெருந்துறையில் எலும்பு டாக்டர். எத்தனையோ பேருக்கு முட்டி மாற்றி வைத்த மனுஷன், சீட் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் பாயிண்ட் மொத்தத்தையும் மைலாக மாற்றிவிட்டார். அப்புறம் பார்த்தால் அது பேய் சீட். அதாவது திரையில் காலி என்று காட்டும், எடுக்கப் போனால் இருக்காது. விமானம் ஒருத்தனுடையது, நாம் மைல் வைத்திருக்கும் கம்பெனி இன்னொருத்தனுடையது. இவன் கம்ப்யூட்டரில் பழைய கணக்கு கிடக்கும். மாற்றிய பாயிண்ட் திரும்பி வராது.

எல்லார் முன்னாலும் கேட்டேன். முதலில் போன் போட்டு சீட் உண்டா என்று கேள், அப்புறம் மாற்று என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், படித்தவர்தானே நீங்கள் என்று கேட்டேன். கும்பிடு பொம்மை ஒன்றைப் போட்டார். இப்படிப்பட்டவர்களிடம் ஊர் எலும்பைக் கொடுத்து வைத்திருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

மச்சினன் நாச்சிமுத்து, சாரதாவின் தம்பி, பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். அவன் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். நகை எடுக்க இன்று போனார்கள், நானும் போனேன். சொந்தத்தில் யார் நகை எடுத்தாலும், பட்டு எடுத்தாலும், பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டினாலும் நான் கூடப் போவேன். பில்லுக்கு என் கார்டைத் தேய்ப்பேன், பணத்தை அவர்களிடம் வாங்கிக்கொள்வேன். அவர்களுக்கு நஷ்டமில்லை, பாயிண்ட் எனக்கு. இதை வைத்து என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சிரிக்கிறவன் எல்லாம் விமானத்தில் கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவன்.

நாச்சிமுத்துவின் சம்சாரம் ஒரு ஆரத்தைக் கழுத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மச்சான், சாதா டிக்கெட்டே போட்டுட்டா என்னங்க? நாளைக்கே கெளம்பலாமில்லீங்க. அக்கா நெம்ப வெசனப்படுதுங்க."

"எதுக்கு வெசனம்?"

"பொண்ணப் பாக்கோணும்னுதானுங்க." போனைக் கையில் எடுத்தான். "நான் போட்டுத் தரட்டுங்களா?"

கோழி விற்றவன் எனக்கு டிக்கெட் போட்டுத் தருகிறானாம். சிரித்துவிட்டு பில் போடும் இடத்துக்குப் போனேன். இந்தத் தடவை சேர்ந்த பாயிண்ட்டோடு இரண்டு பேருக்கும் கணக்கு நிறைந்துவிட்டது. இனி சீட் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடியோவில் பேசினாள். பின்னால் வெறும் சுவர். ஜன்னலுக்குத் திரை இல்லை, தரையில் ஒரு மெத்தை. போன மாதம் வரைக்கும் சோபாவும் பெரிய டிவியும் தெரியும்.

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்கப்பா. அதான் இந்த ரூமுல இருக்கறேன்."

"மாப்பிள்ளை எங்கே?"

"ஆபீஸ்லப்பா. புராஜெக்ட் முடியற நேரம்."

அங்கே சனிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமையும் வேலை செய்கிறார் என்றால் மனுஷன் முன்னுக்கு வருவார். பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பெயிண்ட் அடிக்கிற முட்டாள்கள் அந்த ஊரிலும் இருக்கிறார்கள் போல. கோகி இளைத்திருக்கிறாள். அங்கே எல்லாப் பெண்களும் டயட் இருக்கிறார்கள்.

சாரதா போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். நெடுநேரம் பேசினார்கள். தோசைக்கல் அடுப்பில் காய்ந்து புகைந்தது, நான்தான் அணைத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சீட் இல்லை. மோட்டார்காரனும் வரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

விடிகாலையில் பெங்களூரிலிருந்து டொரண்டோவுக்கு, பிராங்க்பர்ட் வழியாக, மார்ச் 3ஆம் தேதி, முன்பக்கம் இரண்டு சீட் திறந்திருந்தது. அடுத்தடுத்த சீட். இதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். பாயிண்ட் மொத்தத்தையும் அந்தக் கம்பெனிக்கு மாற்றினேன். மைல் வந்து சேர்ந்தது. எடுக்கப் போனால் 'இந்த இருக்கைகள் தற்போது இல்லை' என்றது. மறுபடி தேடினால் இருக்கிறது என்றது. எடுத்தால் இல்லை என்றது.

போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பெண் அப்படி எந்த சீட்டும் எங்களிடம் இல்லையே என்றாள். உங்கள் திரையில் காட்டுகிறதே என்றேன். அது தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம் என்றாள். வருந்துவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

இதற்கும் சென்னியப்பன் செய்ததற்கும் சம்பந்தமில்லை. அவர் செய்தது அறியாமை. இது மென்பொருள் லட்சணம். குழுவில் இதைப் போட வேண்டியதில்லை, அவர்களுக்குப் புரியாது.

பிப்ரவரி 21, வெள்ளி

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. சாரதா பேரூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றின கையோடு என் முன்னால் வந்து நின்றாள். சாதாரணமாக அவள் இப்படி நிற்கிறவள் இல்லை.

"ஏனுங்க, எனக்கு எந்த சீட்டா இருந்தாலும் சரியுங்க. நின்னுட்டுப் போகச் சொன்னாலும் போயிருவேன். நாளைக்கோ நாளானிக்கோ போறாப்புல ஒண்ணு போட்டுக் குடுங்க. நீங்க மெதுவா வாங்க."

"பிராங்க்பர்ட்டில் இறங்கி அடுத்த விமானத்துக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியுமா உனக்கு?"

"கேட்டுட்டுப் போறனுங்க. வாய் இருக்குதுல்ல."

"முட்டி வலியோடு பதினெட்டு மணி நேரம் பின்னாடி உட்காருவாயா?"

"பொண்ணு அங்க என்ன பாடு படுதோ, எனக்கு முட்டியா பெருசு?"

என்ன பாடு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெண்கள் இரண்டு பேர் தனியாகப் பேசினால் கடுகும் மலையாகிவிடும். சம்பந்தி வீட்டார் போன வருஷம் பின்பக்கத்தில் போய்விட்டு வந்து, கால் வீங்கி, அதையும் பெருமையாகச் சொன்னார்கள். நாம் முன்பக்கத்தில் போய் இறங்கினோம் என்று அவர்கள் காதில் விழுந்தால்தான் நம் பெண்ணுக்கு அந்த வீட்டில் மரியாதை என்று எடுத்துச் சொன்னேன்.

"சம்பந்தி வீட்ல நம்ம போன எடுத்தே ரெண்டு மாசம் ஆகுதுங்க" என்றாள்.

அவர்கள் இருப்பது தோட்டத்தில். அங்கே டவர் கிடைக்காது.

மார்ச் 4, செவ்வாய்

கிடைத்துவிட்டது. மார்ச் 24, பெங்களூர், பிராங்க்பர்ட், டொரண்டோ. இந்தத் தடவை முதலில் போன் போட்டு உறுதி செய்துகொண்டேன். இருப்பது ஒரே சீட். எடுத்துவிட்டேன். வரி மட்டும்தான் கையிலிருந்து போனது.

யார் உட்காருவது என்று நடுநிலையோடு யோசித்தேன். தேடினவன் நான். நான் உயரம், பின்பக்கத்தில் என் முட்டி முன் சீட்டில் இடிக்கும். சாரதா குள்ளம். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவள், அவளுக்கு உட்காருவது ஒரு சிரமமா. மேலும் படுக்கை விரித்துக் கொடுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது, ஓசியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டோமே என்று கூச்சப்பட்டுக்கொண்டே வருவாள். ஆக, என் பெயருக்குத்தான் எடுத்திருக்கிறேன். அதே விமானத்தில் அவளுக்குப் பின்னால் ஒன்று. நடுவில் எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "ஆகட்டுங்க. எனக்கும் போட்டாச்சுங்களா?" என்றுதான் கேட்டாள்.

அவளுடையது இன்னும் வாங்கவில்லை. இப்போது விலை அதிகம். அடுத்த வாரம் இறங்கும்.

மார்ச் 9, ஞாயிறு

இறங்கவில்லை. ஏறியிருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள்தான் இந்தக் கட்டத்தில் வாங்கித் தொலைப்பார்கள்.

கோகி இன்று கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிட்டேன். எடுத்து, "வெளிய இருக்கறேன்ப்பா, அப்புறம் கூப்புடறேன்" என்றாள். பின்னால் பஸ் நிற்கிற சத்தம். கார் இருக்கிற வீட்டில் பஸ்ஸில் ஏன் போக வேண்டும். "எனக்கு ஒரு சீட் முன்பக்கத்தில் கிடைத்துவிட்டது" என்றேன். "சந்தோஷம்ப்பா. நீங்க தேடுனீங்கன்னா கெடைக்காம இருக்குமா?" என்றாள். இந்த அருமை தெரிந்தவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனேன். சாரதா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "வந்துரு கண்ணு, நம்மூடு இருக்குது" என்பது மட்டும் காதில் விழுந்தது. என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு, பால் பொங்காதபோதே அடுப்பைக் குறைத்தாள்.

மார்ச் 12, புதன்

மாடி அறையை ஒழித்துக் கழுவியிருக்கிறாள். பழைய மெத்தையை மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டு, இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிக் காய வைக்கிறாள். முட்டி வலி என்று சொன்னவள் நாலு தடவை மாடி ஏறி இறங்கினாள்.

"யார் வருகிறார்கள்?"

"ஒறம்பரை வந்தாலும் வருவாங்க."

ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் விருந்தாளியைக் கூப்பிடுகிற வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும். முன்பக்க ஆட்களுக்கென்று விமான நிலையத்தில் தனிக் கூடம் உண்டு, அங்கே குளிக்கலாம், நல்ல சாப்பாடு போடுவார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தலையணை உறையைத் திருப்பிப் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். பெட்டி இன்னும் பரணிலிருந்தே இறங்கவில்லை.

மார்ச் 15, சனி

காலையில் சீட் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் டாக்சி வந்து நின்றது. சாரதா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கோகிலவாணி இறங்கினாள். ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. மூன்று விமானம் மாறி, நேராக நம்மூர் விமான நிலையத்திலேயே வந்து இறங்கியிருக்கிறாள்.

அம்மாவும் மகளும் கேட்டிலேயே கட்டிக்கொண்டு நின்றார்கள். டாக்சிக்காரன் பெட்டியை என்னிடம் கொடுத்தான். மூன்று வருஷம் குடும்பம் நடத்தின வீட்டிலிருந்து வந்த பெட்டி, ஒரு கையால் தூக்க முடிந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, கால் இரண்டும் வீங்கியிருந்தது. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஏதாவது கேட்க வேண்டும்.

"எந்த சீட்ல வந்தே?" என்றேன்.

சாரதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"கடைசி வரிசைப்பா" என்றாள் கோகி. "பின்னாடி செவுரு. சாயவே இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். சாரதா அவளை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

மத்தியானம் தனியாக இறங்கி வந்து, "பாப்பா இனி அந்த மாப்பளகிட்டப் போறதில்லீங்க. எதுவுங் கேக்காதீங்க. தூங்கட்டும்" என்றாள். ஏன் என்று கேட்க வந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை இப்போது எந்த முகத்தோடு கேட்பது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. இவனை விசாரித்து முடித்தவன் ஊரிலேயே பெரிய கெட்டிக்காரன்.

மார்ச் 16, ஞாயிறு

24ஆம் தேதி சீட்டை ரத்து செய்தேன். கொஞ்சம் பிடித்துக்கொண்டு மைலைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அந்த வேலை மட்டும் கோளாறில்லாமல் நடக்கிறது.

கோகி எழுந்து ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டாள். மாடியில் சத்தமே இல்லை. மோட்டார்காரன் இன்றைக்குப் பார்த்து வந்து தட்டுதட்டென்று தட்டினான். பாதியில் நிறுத்தச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் சென்னியப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். கோயமுத்தூரில் ஏதோ மீட்டிங்காம், முடித்துக்கொண்டு, கையில் இனிப்பு டப்பாவோடு. தேங்கிப்போன தன் மைலுக்கு நான் வழி சொல்ல வேண்டுமாம். கும்பிட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

கூடத்தில் சாரதாவும் கோகியும் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"அட, டொரண்டோப் பொண்ணுங்களா? எப்ப வந்தீங்க அம்மிணி?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இருக்கறப்ப முன்னாடி சீட்டாத்தான் இருக்குமுங்க, இல்லீங்களா?"

"பின்னே?" என்றேன். "பிசினஸ் கிளாஸ்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் அத்தோடு விட்டிருக்கலாம். விடாமல் கோகியிடமே கேட்டார்.

"நெசமாவே தட்டையாப் படுத்துட்டு வரலாமுங்களா? நான் போட்டோவுலதான் பாத்திருக்கறேன்."

கோகி பூண்டைக் கீழே வைத்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமாங்க அங்கிள். அவங்களே மெத்த விரிச்சுத் தருவாங்க. சூப்பு நல்லா சூடாக் குடுத்தாங்க. குடிச்சுட்டுப் படுத்தவதான், எறங்கறப்ப அவங்க வந்து எழுப்பினாங்க. அப்பா இதுக்குன்னு மாசக்கணக்காத் தேடுனாங்க."

டாக்டர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் அவர் கேட்டதற்கெல்லாம் நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார். அவ்வளவு நல்ல மனுஷனை எல்லார் முன்னாலும் படித்தவர்தானே என்று கேட்டவன் நான்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்து, "நீ எதுக்குக் கண்ணு அப்படிச் சொன்னே?" என்றேன்.

"உங்களுக்குச் சங்கடமா இருந்திருக்குமில்லப்பா."

"அதுக்காக நீ பொய் சொல்லோணுமா?"

"பரவால்லப்பா. பழகிருச்சு."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாரதா தலை நிமிரவே இல்லை. கீழே கிடந்த பூண்டுத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குழுவில் எதுவும் போடப்போவதில்லை. இப்போது இதை எழுதும்போதும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. தடுமாற்றமில்லை, கேட்டதற்குமேல் சூப்பையும் மெத்தையையும் சேர்த்துச் சொல்லி, கேட்டவரைச் சந்தோஷப்படுத்தி அனுப்பினாள். வீங்கின காலை நேரில் பார்த்திருக்காவிட்டால் நானே நம்பியிருப்பேன். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் "நாங்க நல்லா இருக்கோம்ப்பா" என்று என்னிடம் சொன்னதும் இதே குரல்தான்.